முதல் சம்பளத்தோடு தொடங்கும் கணக்கு: புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு ஈபிஎப், ஈடிஎப் வழிகாட்டி

யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர்கள் இந்தச் சொல்லைக் கேட்காமல் இருந்திருக்க மாட்டார்கள்: “கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேணும்.” அரசாங்க உத்தியோகத்துக்கு எங்கள் ஆட்கள் அப்படி ஆசைப்பட்டது பென்சனுக்காகத்தான். ஓய்வு பெற்ற ஆசிரியர் வீட்டிலும் தபாலதிபர் வீட்டிலும் மாதம் பிறந்தால் காசு வந்துவிடும். பிள்ளைகளின் கையைப் பார்த்துக்கொண்டிருக்கத் தேவையில்லை.

இன்று படிப்பு முடித்து வரும் பிள்ளைகளில் பலர் போய்ச் சேருவது வேறு இடங்களில். கஸ்தூரியார் வீதிக் கடைகள், திருநெல்வேலி மருந்தகங்கள், தனியார் வைத்தியசாலை, லீசிங் கொம்பனி, மென்பொருள் நிறுவனம், அச்சுவேலிக் கைத்தொழிற்பேட்டை. அங்கெல்லாம் மாதாந்த பென்சன் கிடையாது. அதன் இடத்தில் இருப்பது ஈபிஎப் என்ற ஊழியர் சேமலாப நிதியமும், ஈடிஎப் என்ற ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியமும். வயது போன காலத்தில் கையில் வரப்போகும் காசு இவ்வளவுதான்.

நான் பதினெட்டு வருடங்களாகச் சம்பளக் கணக்கு எழுதும் வேலையில் இருக்கிறேன். ஐம்பது வயது தாண்டியவர்கள் ஒரு சொப்பிங் பையில் பழைய காகிதங்களைப் போட்டுக்கொண்டு என்னிடம் வருவார்கள். ஒருவருக்கு அடையாள அட்டையில் ஒரு பெயர், ஈபிஎப் கணக்கில் இன்னொரு பெயர். இன்னொருவருக்கு ஏழு வருடம் வேலை செய்த இடத்தின் பெயரே கணக்கில் இல்லை. வடிவாக விசாரித்துப் பார்த்தால் பிரச்சினை தொடங்கியது வேலைக்குச் சேர்ந்த முதல் கிழமையிலோ முதல் ஆண்டிலோதான். அன்றைக்கு அரை மணித்தியாலத்தில் சரிசெய்திருக்கக்கூடிய விஷயம். ஆகவே இந்த மாதம் வேலைக்குச் சேர்ந்தவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில், இது யாருடைய காசு

ஈபிஎப் 1958 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டத்தால் வந்தது. உங்கள் சம்பளத்தில் குறைந்தது 8 வீதம் கழிக்கப்படும். முதலாளி தன் கையிலிருந்து குறைந்தது 12 வீதம் போட வேண்டும். இரண்டும் சேர்ந்து 20 வீதம். ஈடிஎப் 1980 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கச் சட்டம். அதற்கு முதலாளி மட்டும் 3 வீதம் போடுவார். உங்கள் சம்பளத்தில் ஒரு சதமும் கழிக்கக் கூடாது.

அந்த 12 வீதத்தையும் 3 வீதத்தையும் “நாங்கள் தருகிற சலுகை” என்று சில இடங்களில் சொல்லுவார்கள். சலுகை என்ற பேச்சுக்கே இடமில்லை. நீங்கள் வேலை செய்து உழைத்த கூலியின் ஒரு பகுதி அது, கைக்கு வருவது பிந்துகிறது, அவ்வளவுதான். முதலாளி தன் பங்கை உங்கள் சம்பளத்திலிருந்து கழித்துப் போடுவது சட்டப்படி குற்றம்.

யார் யாருக்கு உண்டு? ஒரே ஒரு ஆளை வைத்து நடத்தும் கடையானாலும் அந்த ஒருவருக்குப் போட வேண்டும். தகுதிகாண் காலத்தில் இருப்பவர், தற்காலிக ஊழியர், நாட்கூலிக்காரர், துண்டுக் கணக்கில் வேலை செய்பவர், எல்லோருக்கும் முதல் நாளிலிருந்தே உண்டு. “ஆறு மாதம் முடியட்டும், நிரந்தரமாக்கின பிறகு ஈபிஎப் போடுவோம்” என்ற வசனத்தை யாழ்ப்பாணத்தில் நான் கேட்காத தெருவில்லை. அதற்குச் சட்டத்தில் இடமே இல்லை. வீட்டு வேலை செய்பவர்கள், குடும்பத்தவர்கள் மட்டும் சேர்ந்து நடத்தும் தொழில், பத்துப் பேருக்குக் குறைவானவர்கள் வேலை செய்யும் தரும நிறுவனங்கள் போன்ற சில விலக்குகள் உண்டு. “எனக்கு ஈபிஎப் வேண்டாம், முழுச் சம்பளத்தையும் கையில் தாருங்கள்” என்று ஊழியர் கேட்டாலும் அது செல்லாது.

இன்னொன்றையும் தெரிந்து வைத்திருங்கள். ஈபிஎப் காசையும் கணக்குகளையும் வைத்திருப்பது மத்திய வங்கி. காசு ஒழுங்காகக் கட்டப்படுகிறதா என்று பார்த்து, கட்டாதவர்மீது நடவடிக்கை எடுப்பது தொழில் திணைக்களம். ஈடிஎப் இதற்கு வெளியே, தனிச் சபையின் கீழ் இருக்கிறது. எந்தக் கேள்வியோடு எங்கே போவது என்று தெரியாமல்தான் ஆட்கள் நாள் கணக்கில் அலைகிறார்கள்.

முதல் கிழமை: பெயரைச் சரியாக எழுதுங்கள்

வேலைக்குச் சேர்ந்தவுடன் ஏ, பி, எச் என்ற மூன்று பகுதிகளைக் கொண்ட பதிவுப் படிவத்தை நிரப்பச் சொல்லுவார்கள். யாரும் கேட்காவிட்டால் நீங்களே கேளுங்கள். இதில் எச் என்பது பின்னுரித்தாளரை, அதாவது உங்களுக்கு ஏதும் நடந்தால் காசு யாருக்குப் போக வேண்டும் என்பதைக் குறிப்பிடும் பகுதி. முதல் நாள் பரபரப்பில் “இங்கே கையெழுத்து வையுங்கள்” என்று நீட்டினால் வாசிக்காமல் வைத்துவிடாதீர்கள். ஒரு நாள் பிந்தினாலும் பரவாயில்லை, வீட்டுக்குக் கொண்டு போய் அடையாள அட்டையைப் பக்கத்தில் வைத்து நிரப்புங்கள்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், எங்கள் பெயர் முறை அப்படி. தகப்பன் பெயர் முன்னால், சொந்தப் பெயர் பின்னால். ஒரு இடத்தில் தகப்பன் பெயரை முழுதாக எழுதுவோம், இன்னொரு இடத்தில் ஒரு முதலெழுத்து மட்டும். பெண் பிள்ளைகளுக்குக் கல்யாணம் முடிந்ததும் முன்னெழுத்து கணவன் பெயருக்கு மாறிவிடும். அதற்கு மேலே, தமிழ்ப் பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது ஆளுக்கு ஆள் ஒரு மாதிரி.

என் சின்னம்மா ஒரு தனியார் நிறுவனத்தில் இருபத்திரண்டு வருடம் வேலை செய்தவர். அவருடைய பெயர் ‘ஈஸ்வரி’ என்று முடியும். பிறப்புச் சான்றிதழின் ஆங்கிலப் பிரதியில் நடுவில் ‘எச்’ இருக்கிறது, அடையாள அட்டையில் இல்லை. கடைசி எழுத்து ஓரிடத்தில் ‘ஐ’, இன்னோரிடத்தில் ‘வை’. ஈபிஎப் பதிவில் தகப்பனின் முதலெழுத்து, பிற்பாடு எடுத்த அடையாள அட்டையில் கணவனின் முதலெழுத்து. மூன்று காகிதங்களையும் மேசையில் வரிசையாக வைத்தபோது, முன்பின் தெரியாத ஒருவருக்கு அவை மூன்று வேறு பெண்களின் காகிதங்கள்போலத்தான் தெரிந்திருக்கும். இவர்கள் எல்லோரும் ஒருவரே என்று சொல்லச் சமாதான நீதவான் முன்னால் சத்தியக்கடதாசி முடித்து, கிராம அலுவலரிடம் உறுதிப்படுத்தி, வேலை செய்த இடத்திலிருந்து கடிதம் எடுத்து, பதிவைத் திருத்துவித்தோம். அதற்கு ஐந்து மாதம் போனது. ஒவ்வொரு முறை போய்வரும்போதும் சின்னம்மா சொன்னது ஒன்றுதான்: “நான் தானே வேலை செய்தனான்.”

ஆகவே விதி ஒன்றே ஒன்று. தேசிய அடையாள அட்டையில் உங்கள் பெயர் ஆங்கில எழுத்துக்கு எழுத்து எப்படி இருக்கிறதோ, அப்படியே படிவத்திலும். அட்டை இலக்கத்தைப் பிழையில்லாமல் எழுதி, இரண்டு தரம் சரிபாருங்கள். 2016 இலிருந்து புதிய அட்டைகளுக்குப் பன்னிரண்டு இலக்கம். பழையவற்றில் ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்தும். பழைய அட்டையோடு வேலைக்குச் சேர்ந்துவிட்டு இடையில் புதியது எடுத்தால், வேலை செய்யும் இடத்துக்கு அறிவித்து, ஈபிஎப் பதிவிலும் திருத்துவியுங்கள். அட்டையிலேயே பெயர் பிழை என்றால் அதை முதலில் திருத்துங்கள். இருபத்திரண்டு வயதில் அது ஒரு வேலை. ஐம்பத்திரண்டு வயதில் பத்து வேலை.

நிரப்பிய படிவத்தைக் கொடுக்கும் முன் போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். பிறகு உங்களுக்கு ஓர் ஈபிஎப் இலக்கம் தருவார்கள். அதில் நிறுவனத்தின் பதிவு இலக்கமும், அந்த நிறுவனத்துக்குள் உங்களுக்கான அங்கத்துவ இலக்கமும் இருக்கும். இரண்டையும் எழுதி வையுங்கள். ஒன்றில்லாமல் மற்றது உதவாது.

முதல் சம்பளம்: பே சிலிப்பை வரி வரியாக வாசியுங்கள்

இங்கேதான் அதிகமான காசு போகிறது, அதுவும் யாரும் கவனிக்காமல்.

ஒரு உதாரணம் எடுப்போம். அடிப்படைச் சம்பளம் 30,000 ரூபாய். வாழ்க்கைச் செலவுப்படி 5,000. உணவுப்படி 4,000. ஓவர் டைம் 6,000. மொத்தம் 45,000. ஈபிஎப் எதன்மீது கணக்கிடப்பட வேண்டும்?

ஓவர் டைமும் போனசும் கணக்கில் வராது. ஆனால் அடிப்படைச் சம்பளம், வாழ்க்கைச் செலவுப்படி, விடுமுறைக்கான சம்பளம், உணவுப்படி அல்லது முதலாளி தரும் சாப்பாட்டின் பெறுமதி, கொமிஷன், துண்டுக் கூலி எல்லாம் வரும். ஆகவே இந்த உதாரணத்தில் 39,000 ரூபாய்க்குக் கணக்குப் பார்க்க வேண்டும்.

உங்கள் 8 வீதம் 3,120 ரூபாய். முதலாளியின் 12 வீதம் 4,680 ரூபாய். ஈபிஎப்புக்குப் போக வேண்டியது மாதம் 7,800 ரூபாய். ஈடிஎப்புக்கு மேலும் 1,170 ரூபாய்.

பல இடங்களில் அடிப்படைச் சம்பளத்துக்கு மட்டும் கணக்குப் பார்ப்பார்கள். அப்போது ஈபிஎப்புக்குப் போவது 6,000. மாதம் 1,800 ரூபாய் குறைகிறது, வருடத்துக்கு 21,600. உங்கள் கழிவு குறைந்து கைக்கு வரும் காசு 720 ரூபாய் கூடுவதால் மனம் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாது. ஆனால் முதலாளி போட வேண்டிய 1,080 ரூபாய் அவரிடமே தங்கிவிடுகிறது. சில கொம்பனிகள் அடிப்படைச் சம்பளத்தை வேண்டுமென்றே சிறிதாக வைத்து, மிச்சத்தைப் பல பெயர்களில் படிகளாகப் பிரிப்பதற்கும் காரணம் இதுதான். நியமனக் கடிதம் கையெழுத்திடும் முன்னரே சம்பளம் எப்படிப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். இரண்டு இடங்களில் வேலை கிடைத்தால், மொத்தச் சம்பளத்தை மட்டும் வைத்து ஒப்பிடாதீர்கள்.

இந்தச் சின்னத் தொகைகள் எங்கே போய் முடியும் என்று பார்க்க விரும்பினால்: சம்பளம் ஒரு சதமும் கூடாமல், மாதம் 7,800 ரூபாய் முப்பது வருடம் போடப்பட்டு, ஆண்டுக்கு 9 வீதம் வட்டி சேர்ந்தால், முடிவில் ஏறக்குறைய 1 கோடி 27 இலட்சம் ரூபாய். போட்ட காசு 28 இலட்சம்தான். மிச்சம் முழுவதும் வட்டிக்கு வட்டி. அன்றைக்கு ஒரு கோடிக்கு என்ன வாங்கலாம் என்பது வேறு விஷயம். ஆனால் தொடக்க வருடங்களில் விடுபடும் காசுதான் கடைசியில் மிகப் பெரிய ஓட்டையாகிறது என்பது இந்தக் கணக்கில் தெரியும்.

பே சிலிப் தராத இடமா? கேளுங்கள். எழுதித் தரவில்லை என்றால், சம்பளம் வங்கிக்கு வந்த விபரத்தையாவது மாதா மாதம் சேமித்து வையுங்கள். பிற்காலத்தில் நீங்கள் அங்கே வேலை செய்தீர்கள் என்பதற்கு அது சாட்சி.

மூன்றாவது மாதம்: காசு உண்மையாகவே போகிறதா

பே சிலிப்பில் ‘ஈபிஎப் 8%’ என்று கழித்திருப்பது, காசு கழிக்கப்பட்டது என்பதற்கு மட்டுமே ஆதாரம். அது மத்திய வங்கிக்குப் போய்ச் சேர்ந்ததா என்பது தனிக் கேள்வி.

இதை நான் சொந்தமாகப் பட்டுப் படித்தேன். என் முதல் வேலையில் பதினான்கு மாதம் ஒழுங்காகக் கழித்தார்கள். எனக்கு இலக்கம் தரவில்லை, நானும் கேட்கவில்லை. ஒரு நாள் தற்செயலாகத் தொழில் அலுவலகத்தில் விசாரித்தபோது என் அடையாள அட்டை இலக்கத்தில் கணக்கே இல்லை என்றார்கள். அந்தப் படிக்கட்டில் இறங்கி வரும்போது மாதா மாதம் வீட்டில் மிச்சம் பிடித்த ஒவ்வொரு ரூபாயும் கண்முன்னால் வந்தது. முறைப்பாடு கொடுத்தேன். பே சிலிப் பதினான்கில் பதினொன்று என்னிடம் இருந்தன, அம்மா ஒரு பிஸ்கட் ரின்னில் போட்டு வைத்திருந்தார். அந்த ரின் இல்லாவிட்டால் காசு வந்திருக்காது.

ஒரு மாதத்துக்கான ஈபிஎப் காசை அடுத்த மாதம் முடிவதற்குள் கட்ட வேண்டும். ஜனவரிச் சம்பளத்துக்கான காசு பெப்ரவரி கடைசிக்குள். பிந்தினால் மேலதிகக் கட்டணம் உண்டு. பத்து நாள் வரை 5 வீதத்தில் தொடங்கி, ஒரு வருடம் தாண்டினால் 50 வீதம் வரை ஏறும். அந்தக் கட்டணத்தை முதலாளிதான் கட்ட வேண்டும்.

ஆகவே மூன்றாவது மாதச் சம்பளம் எடுத்தவுடன் சரிபார்க்கத் தொடங்கலாம். முதலில் கணக்குப் பகுதியில் இருப்பவரிடம் மரியாதையாகக் கேளுங்கள்: “அண்ணா, என்ர பெயர் சி படிவத்தில் போகுதா, ஒருக்காப் பார்க்கலாமா?” சி படிவம் என்பது மாதந்தோறும் ஈபிஎப்புக்குப் போகும் பெயர்ப் பட்டியல். ஒழுங்காகக் கட்டும் இடத்தில் இதைக் காட்ட யாரும் தயங்க மாட்டார்கள். பிறகு, ஈபிஎப் கணக்குக் கூற்று வருடத்துக்கு இரண்டு முறை வரும். பெரும்பாலும் நிறுவனத்தின் வழியாகவே வருவதால், அது ஏதாவது லாச்சிக்குள் கிடந்துவிடாமல் கேட்டு வாங்குவது உங்கள் வேலை. மீதியை இணையத்தில் பார்க்கும் வசதியும் இருக்கிறது. அதற்கு முதலில் பதிவு செய்ய வேண்டும், அப்போதும் அடையாள அட்டை இலக்கம் சரியாக இருந்தால்தான் கதவு திறக்கும். இல்லாவிட்டால் யாழ்ப்பாணத்திலுள்ள தொழில் அலுவலகத்துக்கு அட்டையோடும் ஈபிஎப் இலக்கத்தோடும் நேரே போய்க் கேளுங்கள்.

கூற்றில் கடைசித் தொகையை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைக்காதீர்கள். மாதங்களை எண்ணுங்கள். ஆறு மாதக் கூற்றில் ஆறு மாதம் இருக்க வேண்டும். ஐந்து இருந்தால் எந்த மாதம் விடுபட்டது என்று பே சிலிப்போடு ஒப்பிட்டு, அந்தக் கிழமையே கேளுங்கள்.

காசு கட்டப்படவில்லை என்று தெரிந்தால்? முறைப்பாட்டை எழுத்தில் கொடுங்கள். வேலைக்குச் சேர்ந்த திகதி, வேலை, மாதச் சம்பளம், எந்த மாதங்கள் விடுபட்டன, வேலை செய்யும் இடத்தின் முகவரி. இவ்வளவு போதும். நியமனக் கடிதம் இல்லை என்பதற்காகப் பின்வாங்க வேண்டாம். பே சிலிப், வங்கிப் புத்தகம், வரவுப் பதிவேட்டின் படம் எல்லாமே உதவும். நேரே கொடுத்தால் பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். தபாலில் என்றால் பதிவுத் தபாலில் போடுங்கள். இன்னும் அங்கேயே வேலையில் இருப்பவர்களுக்குப் பயம் இருக்கும், அது நியாயமானது. உங்கள் பெயரை வெளியில் சொல்லாமல் விசாரிக்கும்படி உத்தியோகத்தரிடம் கேட்கலாம். நாலைந்து பேர் சேர்ந்து போனால் இன்னும் நல்லது.

வேலை மாறும்போது

புதிய இடத்தில் புதிய ஈபிஎப் இலக்கம் கிடைக்கும். பழைய கணக்கில் இருக்கும் காசு எங்கும் போகாது, வட்டியும் சேர்ந்துகொண்டிருக்கும். ஆனால் நாலு இடம் மாறியவருக்கு நாலு கணக்கு. பழையவற்றின் இலக்கங்களை மறந்துவிட்டால் தேடுவது பெரும்பாடு. ஒவ்வொரு வேலையை விடும்போதும் சேவைக் கடிதம், கடைசிக் கணக்குக் கூற்று, ஈபிஎப் இலக்கம் மூன்றையும் கையில் எடுத்துக்கொண்டு வெளியே வாருங்கள். கணக்குகளை ஒன்றாக்கவும் விண்ணப்பிக்கலாம்.

ஈடிஎப் காசை வேலையை விட்டவுடன் எடுக்கலாம். அப்படி ஒருமுறை எடுத்தால், மறுபடி எடுக்க ஐந்து வருடம் பொறுக்க வேண்டும். எடுக்க முடியும் என்பதற்காக எடுக்க வேண்டும் என்றில்லை. அவசரத் தேவை இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள் என்பது என் கருத்து. ஈடிஎப்பில் இருப்பவர்களுக்குக் கண் வில்லை பொருத்துதல், இருதய சத்திர சிகிச்சை, பிள்ளைகளின் புலமைப்பரிசில் போன்றவற்றுக்கு உதவித் திட்டங்களும் உண்டு. ஊரில் பாதிப் பேர் இதைக் கேள்விப்பட்டதே இல்லை. வீட்டில் யாருக்காவது பெரிய சத்திர சிகிச்சை என்றால், கடன் கேட்க ஓடும் முன் ஈடிஎப் அலுவலகத்தில் ஒருதரம் விசாரியுங்கள்.

இதோடு சேர்த்துப் பணிக்கொடையையும் நினைவில் வையுங்கள். 1983 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டப்படி, 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் ஐந்து வருடம் பூர்த்தி செய்தவருக்கு, செய்த ஒவ்வொரு வருடத்துக்கும் கடைசியாக எடுத்த அரை மாதச் சம்பளம் வீதம் கிடைக்க வேண்டும். நாலு வருடம் பத்து மாதத்தில் கோபித்துக்கொண்டு கடிதம் கொடுத்த ஒரு தம்பியை எனக்குத் தெரியும். இன்னும் இரண்டு மாதம் பல்லைக் கடித்திருந்தால் அவனுக்கு இரண்டரை மாதச் சம்பளம் கையில் வந்திருக்கும்.

வருகிற செய்திகளில் எதைக் கவனிப்பது

ஈபிஎப் பற்றி எந்தச் செய்தி வந்தாலும் வாட்ஸ்அப் குழுக்களில் பதற்றம்தான். மூன்று வகைச் செய்திதான் உங்கள் கணக்கைத் தொடும்.

ஒன்று வட்டி. ஆண்டு முடிந்த பிறகுதான் அந்த ஆண்டுக்கான வீதத்தை அறிவிப்பார்கள். 2022 க்கு 9 வீதம், 2023 க்கு 13 வீதம், 2024 க்கு 11 வீதம். சட்டப்படி 2.5 வீதத்துக்குக் குறையக் கூடாது. இந்த எண்களைத் தனியே பார்த்துச் சந்தோசப்படவும் முடியாது: 2022 செப்டெம்பரில் விலைவாசி முந்தைய வருடத்தைவிட ஏறக்குறைய 70 வீதம் ஏறியிருந்தது. அந்த வருடம் 9 வீத வட்டி கிடைத்தும் எங்கள் சேமிப்பு தேய்ந்துதான் போனது.

இரண்டாவது, நிதியை எங்கே முதலிட்டிருக்கிறார்கள் என்பது. ஈபிஎப் காசில் மிகப் பெரும் பகுதி அரசாங்கத்தின் திறைசேரி முறிகளில், அதாவது அரசாங்கம் கடன் வாங்கும்போது கொடுக்கும் பத்திரங்களில், இருக்கிறது. 2023 இல் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு வந்தபோது, பழைய முறிகளைக் கொடுத்துப் புதியவற்றை வாங்கிக்கொள்ள வேண்டும், மறுத்தால் நிதியத்தின் வருமானத்துக்கு 14 வீதமாக இருந்த வரி 30 வீதமாகும் என்றார்கள். ஈபிஎப் மாற்றிக்கொண்டது. புதிய முறிகளுக்கு 2026 வரை 12 வீதம், அதன் பிறகு 9 வீதம். “ஈபிஎப் காசை அரசாங்கம் எடுத்துவிட்டது” என்று அன்றைக்குக் கடையில் வேலை செய்யும் பிள்ளைகள் அழாக்குறையாக வந்து கேட்டார்கள். ஒருவரின் கணக்கிலும் மீதி குறையவில்லை. குறைந்தது வருங்காலத்தில் வரக்கூடிய வட்டி. அதுவும் உழைப்பாளியின் காசுதான் என்பதால், இப்படியான முடிவுகள் எடுக்கப்படும்போது நாங்கள் கவனிக்கத்தான் வேண்டும்.

மூன்றாவது சம்பளம் பற்றிய சட்டங்கள். தேசியக் குறைந்தபட்சச் சம்பளம் 2025 ஏப்ரலிலிருந்து 27,000 ரூபாய், 2026 ஜனவரியிலிருந்து 30,000 ரூபாய். உங்கள் அடிப்படைச் சம்பளம் இதற்குக் கீழே இருந்து உயர்ந்தால், அதே மாதத்திலிருந்து ஈபிஎப் கழிவும் உயர வேண்டும். உயரவில்லை என்றால் பழைய தொகைக்கே கட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். அதேபோல 2021 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம் தனியார் துறையில் குறைந்தபட்ச ஓய்வு வயதை 60 ஆக்கியது. ஈபிஎப் காசைக் கேட்கக்கூடிய வயது, ஆணுக்கு 55, பெண்ணுக்கு 50, அது வேறு கணக்கு. இரண்டையும் குழப்பிக்கொண்டு, “55 ஆகிவிட்டது, வீட்டுக்குப் போ” என்று சொல்லும் இடத்தில் கேட்டுக்கொண்டு வந்துவிடாதீர்கள்.

போனில் கூப்பிட்டு “உங்கள் ஈபிஎப் காசு வந்திருக்கிறது, ஓடிபி இலக்கத்தைச் சொல்லுங்கள்” என்று யாராவது கேட்டால் உடனே வைத்துவிடுங்கள். அம்மா அப்பாவுக்கும் சொல்லி வையுங்கள்.

இடையில் எடுக்கலாமா

பத்து வருடம் பங்களித்து, கணக்கில் 3 இலட்சம் ரூபாய்க்குக் குறையாமல் இருந்தால், வீடு அல்லது மருத்துவத் தேவைக்காக 30 வீதம் வரை, உச்சமாக 20 இலட்சம் ரூபாய் எடுக்கலாம். ஈபிஎப் மீதியைப் பிணையாக வைத்து வங்கியில் வீட்டுக் கடன் எடுக்கும் வழியும் உண்டு.

பென்சன் உள்ள அரசாங்க வேலை கிடைத்தால் ஈபிஎப்பை மீளப் பெறலாம். பட்டதாரி நியமனம் கிடைத்துப் போகும் எங்கள் பிள்ளைகள் பலருக்கு இது தெரியாமல், பழைய தனியார் வேலைக் காசு அப்படியே கிடக்கிறது. வெளிநாட்டில் நிரந்தரமாகக் குடியேறினாலும் எடுக்கலாம். கட்டாருக்கு வேலைக்குப் போவதோ, படிப்பு விசாவில் போவதோ நிரந்தரக் குடியேற்றம் ஆகாது.

கல்யாணத்துக்காக வேலையை விடும் பெண்களும் எடுக்கலாம். தங்கச்சிமாருக்கு இதில் ஒன்று மட்டும் சொல்ல ஆசை. கல்யாணச் செலவில் அந்தக் காசு இரண்டு நாளில் கரைந்துவிடும். உங்கள் பெயரில் மட்டும் இருக்கும் ஒரே சேமிப்பு அதுவாகக்கூட இருக்கலாம். வீட்டில் கேட்டாலும், முடிந்தால் விட்டு வையுங்கள்.

கல்யாணம் ஆனவுடன் செய்ய வேண்டிய வேலை வேறொன்று. எச் படிவத்தைப் புதுப்பியுங்கள். இருபத்திரண்டு வயதில் அம்மாவின் பெயரைப் போட்டிருப்பீர்கள். பிறகு மனைவி, பிள்ளைகள் வந்தும் அதை மாற்றாமல் விட்டு, திடீரென்று ஆள் போன வீடுகளில் மாமியும் மருமகளும் ஒரு மேசையின் இரண்டு பக்கமும் பேசாமல் இருந்ததைப் பார்த்திருக்கிறேன்.

கடைசியில், காசு எடுக்கப் போகும் நாள்

அது உங்களுக்கு முப்பது வருடம் தள்ளி இருக்கலாம். ஆனால் வீட்டில் அம்மாவோ மாமாவோ இந்த வருடம் போகக்கூடும், நீங்கள்தான் கூட்டிக்கொண்டு போவீர்கள். நிரப்ப வேண்டியது கே படிவம்; ஆள் இறந்திருந்தால் எல் படிவம். அடையாள அட்டையின் மூலப்பிரதி, பிறப்புச் சான்றிதழ், பெண்களுக்குப் பெயர் மாறியிருந்தால் விவாகச் சான்றிதழ், ஈபிஎப்பில் தந்த பி அட்டை (அங்கத்துவ அட்டை), கடைசிக் கணக்குக் கூற்று, சேவைக் கடிதங்கள், சொந்தப் பெயரிலுள்ள வங்கிக் கணக்குப் புத்தகம். எல்லாவற்றிலும் இரண்டு போட்டோக்கொப்பி வீட்டிலிருந்தே எடுத்துப் போங்கள். வங்கிக் கணக்கு நடைமுறையில் இருக்க வேண்டும். பல வருடம் தொடாத பழைய புத்தகத்தைக் கொடுத்து, காசு திரும்பிப் போன கதைகளும் உண்டு.

காலையில் வெள்ளனப் போங்கள். வயதானவர்களின் பெருவிரல் ரேகை வயல் வேலையிலும் அடுப்படியிலும் தேய்ந்திருக்கும், பதிவு எடுக்க நேரம் பிடிக்கும். என் சின்னம்மாவுக்கு நாலாவது தரத்தில்தான் தெளிவாக விழுந்தது. உத்தியோகத்தர் பொறுமையாக விரலைத் துடைத்துத் துடைத்து வைத்தார். படிவத்தை ஏற்றுக்கொண்டதற்கான திகதி முத்திரையிட்ட துண்டைத் தந்ததும், சின்னம்மா அதை நாலாக மடித்துக் கைப்பையின் உள்பக்கச் சிப்பில் வைத்து மூடி, பஸ் ஏறும் வரை பையை மார்போடு பிடித்துக்கொண்டே வந்தார்.